நபிக்குத் தவறு வருமா? பினாங்கு பாய் பதில் சொல்றார்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நபி பிறந்த மௌலிது மாசம்ங்கறதால எதையும் கேளுங்கன்னு சொன்னேன், வந்த கேள்வி எல்லாம் ஒரே இடத்துல குவிஞ்சிருச்சு, நபி (ஸல்) அவங்க கிட்ட தவறு நடந்திருக்குன்னு ஒரு முஸ்லிம் ஒத்துக்கலாமா கூடாதா. நான் ஓதி முடிச்ச ஆளு, இப்ப ஜார்ஜ்டவுன்ல வியாபாரம். பத்வா (மார்க்கத் தீர்ப்பு) குடுக்கற இடத்துல நான் இல்ல, அதுக்கு முஃப்தி ஆபீஸ் இருக்கு. கிதாபுல இருக்கறத இருக்கற மாதிரி சொல்றேன், நடுவுல என் அபிப்பிராயம் வந்தா அது என்னோடதுன்னு சொல்லிடுறேன்.

பட்டர்வொர்த் தம்பி: பாய், கஃபா (பள்ளிப் பிள்ளைங்களுக்கான மார்க்கப் பாடம்) வகுப்புல நபிமார்கள் தப்பே செய்ய மாட்டாங்கன்னு படிச்சோம். ஆபீஸ்ல ஒருத்தன் குர்ஆன்லயே நபிய கண்டிச்சு வசனம் இருக்குங்கறான். யார் சொல்றது சரி?

ரெண்டு பேரும் சரி தம்பி. உன் நண்பன் சொல்றது பொய் இல்ல. குர்ஆன்ல 80வது சூரா (அத்தியாயம்) அபஸ எடுத்துப் பாரு. குறைஷித் தலைவருங்க கிட்ட நபி பேசிட்டு இருக்காங்க, அவங்க இஸ்லாத்துக்கு வந்தா மக்காவே மாறும்னு ஒரு ஆசை, அந்த நேரம் பார்த்து கண் தெரியாத அப்துல்லாஹ் இப்னு உம்மு மக்தூம் வந்து எனக்கு ஓதிக் குடுங்கன்னு குறுக்க கேக்குறார், நபி முகம் சுளிச்சு திரும்பிக்கிட்டாங்க. உடனே வசனம் இறங்குது, முகம் சுளிச்சார், புறக்கணிச்சார், அந்தக் குருடர் வந்ததுக்காகன்னு. பெரிய பாவம்னு யாரும் சொல்லல, ஆனா அல்லாஹ் சுட்டிக் காட்டிட்டான்.

இது ஒண்ணு மட்டும் இல்ல. பத்ருப் போர்ல, ஹிஜ்ரி 2ல, பிடிபட்டவங்கள பணம் வாங்கிட்டு விடலாம்னு தோழர் அபூபக்ர் சொன்னாங்க, கூடாதுன்னு இன்னொரு தோழர் உமர் சொன்னாங்க, நபி அபூபக்ர் பக்கம் போனாங்க, அப்புறம் 8:67 (8வது சூரா, 67வது வசனம்) வந்து அந்த முடிவைக் கண்டிச்சுச்சு, நபியும் அபூபக்ரும் அழுதுட்டு இருந்ததா முஸ்லிம்ங்கற தொகுப்புல ஹதீஸ் (நபி பத்தின அறிவிப்பு) இருக்கு. தபூக் போருக்கு வராம சாக்கு சொன்னவங்களுக்கு லீவு குடுத்ததுக்கு 9:43. அதுல பாரு, அல்லாஹ் உங்கள மன்னிச்சுட்டான்னு முதல்ல சொல்லிட்டுதான் ஏன் அனுமதி குடுத்தீங்கன்னு கேக்குறான், இவ்வளவு பாசமா ஒரு கண்டிப்பு நான் வேற எங்கயும் படிச்சதில்ல. மனைவிமார் சந்தோஷத்துக்காக ஹலாலான ஒண்ண தனக்கு வேணாம்னு ஒதுக்கினப்ப 66:1.

இப்ப கஃபா பாடம். நாம படிக்கற சிஃபத் (பண்பு) 20, 1490ல இறந்த இமாம் சனூஸி வழி வந்தது. நபிமார்களுக்கு சித்க், அமானத், தப்லீக், ஃபதானத்னு நாலு. பொய் சொல்ல மாட்டாங்க, ஒப்படைச்சதுல துரோகம் கிடையாது, வஹீய (இறைச்செய்திய) மறைக்க மாட்டாங்க, புத்தி மழுங்காது. இதுல நம்ம சுன்னத் ஜமாஅத்ல (சுன்னி பிரிவுல) சண்டையே இல்ல. ஆனா அதே பாடத்துல நபிமார்களுக்கு ஆகுமானதுன்னு ஒரு பகுதி இருக்கும், பசி, நோய், தூக்கம்னு மனுஷத்தன்மை எல்லாம். பரீட்சைக்கு நாலு சிஃபத்த மனப்பாடம் பண்ண வச்சுட்டு அந்தப் பக்கத்த வேகமா தள்ளிட்டுப் போயிடுறாங்க, அதான் பெரியவனானதும் ஆபீஸ்ல ஒருத்தன் வசனத்தக் காட்டினா திகைச்சுப் போறோம்.

பெரும்பாவம், ஷிர்க் (இணை வைக்கறது), வஹீல குளறுபடி, இதுல எதுவும் கிடையாதுங்கறதுல பெரும்பான்மை உலமா (மார்க்க அறிஞர்கள்) ஒரே பேச்சு. சின்னச் சறுக்கல் ஆகுமாங்கறதுலதான் கருத்து வேறுபாடு. சுன்னத் ஜமாஅத்தோட அஷ்அரி கொள்கைப் பள்ளி இமாம்கள்லயே ஆகும்னவங்களும் உண்டு, ஆகாதுன்னவங்களும் உண்டு. ஆகும்னவங்க எல்லாரும் கூடவே போடற நிபந்தனை, அல்லாஹ் அவங்கள அதுலயே விட்டு வைக்க மாட்டான், திருத்திடுவான்.

ஆயர் ஈத்தாம் ராத்தா: இதெல்லாம் வாயால சொன்னா ஈமானுக்கு (நம்பிக்கைக்கு) ஏதாவது ஆயிடுமோன்னு நெஞ்சு பதறுது.

பதறாதீங்க ராத்தா. அபஸ சூரா குர்ஆனோட கடைசிப் பாகமான அம்ம ஜுஸ்ல இருக்கு, நம்ம பிள்ளைங்க மனப்பாடமா ஓதுது, தொழுகையில இமாம் சத்தமா ஓதுறார். ஓதுனா ஈமான் போகும்னா எல்லாருக்கும் போயிருக்கணும். ஜைனப் அம்மா கல்யாண விஷயமா நபிய கண்டிச்சு இறங்கின 33:37 பத்தி, வஹீல எதையாவது நபி மறைச்சிருந்தா இத மறைச்சிருப்பாங்கன்னு நபியோட மனைவி ஆயிஷா அம்மாவே சொன்னதா ஹதீஸ் இருக்கு. குத்திக் காட்டற தொனியில பேசறதுதான் கூடாது. உலமா கூட "தப்பு"ன்னு மொட்டையா எழுத மாட்டாங்க, சிறந்தத விட்டுட்டு அடுத்தத எடுத்தாங்கன்னு சொல்லுவாங்க. அந்த அதப (மரியாதைய) எனக்கும் பிடிக்கும், ஆனா அந்த அதபையே சாக்கா வச்சு கேள்வி கேட்ட பிள்ளை வாய அடைக்கறது எனக்குப் பிடிக்காது.

செபராங் ஜெயாவுல இருந்து ஒரு நண்பர்: நான் இந்து, மரியாதையோட கேக்குறேன் பாய். மனுசர்தான்னு நீங்களே சொல்றீங்க, மனுசன்னா மறதி தவறு எல்லாம் இருக்கும்ல, அப்புறம் யாராவது சொன்னா ஏன் அவ்ளோ கோவம்?

நல்ல கேள்வி அண்ணே. "நானும் உங்கள மாதிரி மனுசன்தான்"னு சொல்லச் சொல்லி குர்ஆன் 18:110 அவங்களுக்கே கட்டளை போடுது. மறதியும் இருந்துச்சு. ஒரு தடவ நாலு ரக்அத் (தொழுகையோட ஒரு சுற்று) தொழுகைய ரெண்டுல முடிச்சு ஸலாம் குடுத்துட்டாங்க, பின்னாடி அபூபக்ர், உமர் எல்லாம் நிக்குறாங்க, கேக்க பயம், துல்யதைன்னு ஒருத்தர் எழுந்து "மறந்துட்டீங்களா இல்ல தொழுகைய குறைச்சுட்டாங்களா"ன்னு கேட்டுட்டார். அவர் சொல்றது நிஜமான்னு மத்தவங்க கிட்ட விசாரிச்சு, மிச்ச ரெண்டையும் தொழுது, மறதிக்கு ரெண்டு சஜ்தா (நெத்திய தரையில வைக்கறது) செஞ்சாங்க. வேற ஒரு தடவ அஞ்சா தொழுதப்ப "நானும் மனுசன், நீங்க மறக்கற மாதிரி மறப்பேன், மறந்தா ஞாபகப்படுத்துங்க"ன்னு சொன்னாங்க. புகாரி, முஸ்லிம்னு ரெண்டு ஹதீஸ் தொகுப்புலயும் இருக்கு.

வழக்கு விசாரிக்கறப்ப கூட, உங்கள்ல ஒருத்தர் வாய் சாமர்த்தியமா பேசி நான் அவர் பக்கம் தீர்ப்பு சொல்லிட்டா, அடுத்தவன் சொத்த எடுத்துக்காதீங்க, அது நெருப்புத் துண்டுன்னு எச்சரிச்சிருக்காங்க. ஒரு நீதிபதி தன் தீர்ப்பு பிசகலாம்னு தானே முன்கூட்டி சொல்றது சாதாரணமா?

கோவம் எதுக்குன்னா, கேள்விக்கு இல்லண்ணே, ஏளனத்துக்கு. சொந்த அத்தாவ விட அவங்க மேல பிரியம் வைக்கச் சொல்லி வளர்ந்த ஜனம். சில நேரம் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாம நம்ம ஆளுங்க பாயறதும் உண்டு, அதையும் மறைக்கல. ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க, மலேசியாவுல தண்டனைச் சட்டம் 298, மல்ட்டிமீடியா சட்டம் 233ன்னு இருக்கு, கிண்டலா எழுதி போட்டா நிஜமாவே உள்ள போற விஷயம். இந்த மாதிரி கேட்டா தாராளமா பதில் வரும்.

கிள்ளான் அண்ணன்: பேரீச்ச மரம் ஹதீஸ வச்சுக்கிட்டு உலக விஷயத்துல நபி சொன்னத எடுக்கவே வேணாம்னு ஒருத்தர் செராமா (மார்க்கச் சொற்பொழிவு) குடுக்குறார், அப்படியா?

அவ்வளவு சுலபம் இல்லண்ணே. மதீனாவுல பேரீச்சைக்கு ஆண் பூவ எடுத்து பெண் பூவுல வைப்பாங்க, இது பலன் தரும்னு நான் நினைக்கலன்னு நபி சொன்னாங்க, ஜனங்க விட்டுட்டாங்க, விளைச்சல் குறைஞ்சுச்சு, அப்ப "உங்க உலக விஷயம் உங்களுக்கே நல்லா தெரியும்"னு சொன்னாங்க. முஸ்லிம்ல இருக்கு. அது அவங்க நினைப்புன்னு அவங்களே சொன்ன இடம். வியாபாரம், வட்டி, வாரிசுச் சொத்துன்னு அல்லாஹ் பேர்ல சொன்னதும் உலக விஷயம்தான், அத விட முடியுமா?

சஹாபாக்கள் (நபித்தோழர்கள்) இத அழகா பிரிச்சுக் கேட்டாங்க. பரீரான்னு விடுதலை ஆன ஒரு அடிமைப் பொண்ணு, அவங்களுக்குப் புருஷன் முகீஸ் வேணாம், அவர் தெருத் தெருவா அழுதுக்கிட்டு பின்னாடியே அலையிறார், பாவம்னு நபி "திரும்பச் சேர்ந்துக்கயேன்"ன்னாங்க. "கட்டளையா யா ரசூலல்லாஹ்?"ன்னு கேட்டாங்க. இல்ல, சிபாரிசுதான்னதும் "அப்ப எனக்கு அவர் தேவை இல்ல"ன்னு சொல்லிட்டாங்க! யாரும் அந்தப் பொண்ண காஃபிர்ங்கல. நம்ம ஊர்ல ஒரு ஹஜ்ரத் சிபாரிச ஒரு பொண்ணு இப்படி மறுத்துற முடியுமா, யோசிங்க.

பிரிக்பீல்ட்ஸ் சகோதரர்: நாங்க கிறிஸ்தவங்க, இயேசு பாவம் இல்லாதவர்னு எங்க விசுவாசம். உங்க குர்ஆன் 47:19ல உங்க நபிய பாவமன்னிப்பு கேக்கச் சொல்லுதே, இதுக்கு என்ன சொல்றீங்க?

சொல்லுது, 48:2லயும் முன் பின் பாவம் எல்லாம் மன்னிச்சாச்சுன்னு வருது. ஒரு நாளைக்கு எழுபது தடவைக்கு மேல மன்னிப்பு தேடுவேன்னு அவங்களே சொன்னது புகாரில இருக்கு. உம்மத்துக்கு (முஸ்லிம் சமூகத்துக்கு) சொல்லிக் குடுக்கத்தான்னு ஒரு கூட்டம், அவங்க அந்தஸ்துக்குக் குறைவா தோணுன சின்ன விஷயங்களுக்குன்னு ஒரு கூட்டம், நேராவே சின்னச் சறுக்கல்கள்தான் அதுவும் மன்னிச்சாச்சுன்னு ஒரு கூட்டம். எனக்கு மூணாவதுல எந்த சங்கடமும் தெரியல.

உங்களுக்கு ஒரு ஆச்சரியம் சொல்றேன். மறுமையில ஜனங்க சிபாரிசு தேடி அலையற நீண்ட ஹதீஸ் ஒண்ணு உண்டு. ஆதம் கிட்ட போவாங்க, மரத்த சாப்பிட்டத சொல்லி மறுத்துடுவார், நூஹ், இப்ராஹீம், கிப்திய (எகிப்துக்காரன) கொன்ன மூஸா, ஒவ்வொருத்தரும் தன் விஷயம் ஒண்ண சொல்லி தயங்குவாங்க. ஈஸா நபி (இயேசு) கிட்ட போறப்ப, அவர் எந்தப் பாவத்தையும் சொல்ல மாட்டார்னு அந்த ஹதீஸ்லயே இருக்கு, முன் பின் மன்னிக்கப்பட்ட முஹம்மத் கிட்ட போங்கன்னு அனுப்பிடுவார். எங்க கிதாபுல இத யாரும் வெட்டி எடுக்கல. எங்களுக்கு நபியோட மதிப்பு மன்னிப்பு கேக்கறதால குறையறதில்ல, அதான் உங்களுக்கும் எங்களுக்கும் வித்தியாசம்.

சுங்கை டுவா தம்பி: சாத்தானிய வசனம்ங்கறாங்களே பாய்?

சிலைகளப் புகழ்ந்து ரெண்டு வரி நபி நாவுல வந்துச்சு, அப்புறம் நீக்கப்பட்டுச்சுன்னு தபரி மாதிரி பழைய வரலாற்று ஆளுங்க பதிவு செஞ்சிருக்காங்க. எதிரிங்க கட்டின கதைன்னு நினைச்சுக்காத, நம்ம கிதாபுலதான் இருக்கு. காழி இயாழ், ஃபக்ருத்தீன் ராஸின்னு ரெண்டு அறிஞரும் கடுமையா மறுத்தாங்க, இன்னைக்கு பெரும்பான்மை அவங்க பக்கம். இப்னு தைமிய்யாங்கற அறிஞர் ஏத்துக்கிட்டார், அல்லாஹ் உடனே திருத்தினதே உண்மையாளர்ங்கறதுக்கு சாட்சின்னு அவர் வாதம், 22:52 அதுக்கு ஆதாரம். நான் மறுக்கற பக்கம், ஏன்னா மத்ததெல்லாம் வஹீக்கு வெளிய நடந்தது, இது வஹீக்குள்ளயே கை வைக்குது.

அதே தம்பி: சூனியம் வச்சாங்கங்கறது?

லபீத்னு ஒருத்தன் வச்சதா புகாரில இருக்கு. பெரும்பான்மை ஒரு நோய் மாதிரி எடுத்துக்கிட்டாங்க. முஃதஸிலாங்கற பழைய பகுத்தறிவுப் பிரிவு மறுத்துச்சு, தமிழ்நாட்டு தவ்ஹீத் மேடைகள்லயும் மறுத்துப் பெரிய விவாதமே ஓடுச்சு. அதுக்குள்ள இன்னைக்கு போகல, விடிஞ்சிடும்.

பாயான் லெப்பாஸ்: ஷியாக்கள் என்ன சொல்றாங்க?

அவங்கள்ல பன்னிரு இமாம் பிரிவு இதுல எங்கள விட இறுக்கம், மறதி கூட கிடையாதும்பாங்க, அபஸல முகம் சுளிச்சது வேற ஆள்னு அவங்க தஃப்ஸீர்ல (குர்ஆன் விளக்கத்துல) வரும். ஆனா அவங்களோட பெரிய ஹதீஸ் இமாம் சதூக் (இறப்பு 991), நபிக்கு மறதிய அல்லாஹ்வே குடுத்தான், அத மறுக்கறதுதான் வரம்பு மீறல்னு எழுதினார், அவர் மாணவர் முஃபீத் அத மறுத்து எழுதினார். மலேசியாவுல 1996ல இருந்து பத்வா சுன்னத் ஜமாஅத்த மட்டும்தான் ஏத்துக்குது, அதனால இத தெரிஞ்சுக்கறதோட நிறுத்திக்குங்க.

யூ.எஸ்.எம். மாணவி: ஹஜ்ரத், குர்ஆனே சுட்டிக் காட்டின இடம் எல்லாம் சரி. குர்ஆன் சுட்டிக் காட்டாத ஒண்ண, அடிமை முறை, ஆயிஷா அம்மா கல்யாண வயசு, இத இன்னைக்கு நாம பாத்து தவறுன்னு சொல்ல முடியுமா?

இத்தனை கேள்வில இதுதான்மா கஷ்டமானது, மழுப்பாம சொல்றேன். மரபு அகீதா (கொள்கை) படி முடியாது. காரணம் மேல சொன்ன நிபந்தனையிலயே இருக்கு: தவறு வந்தா அல்லாஹ் திருத்துவான், திருத்தலேன்னா அங்க தவறு இல்ல. அதனால கண்டிச்சு வந்த ஆயத்துங்க (வசனங்க), மிச்சம் எல்லாத்துக்கும் அத்தாட்சியா ஆயிடுது. கவனிச்சியா, நபிக்கு சறுக்கல் உண்டுன்னு ஒத்துக்கறவங்களும் இந்த வாசல திறக்க மாட்டாங்க.

அப்ப முஸ்லிம்கள் நடைமுறையில என்ன செய்றாங்கன்னா, ஒண்ணு அறிவிப்ப ஆராய்வாங்க, ஆறுல நிக்காஹ் ஒன்பதுல வாழ்க்கைன்னு புகாரில வர்றத வேற கணக்கோட ஒப்பிட்டு வயசு கூடன்னு வாதிடற ஆய்வாளர்கள் உண்டு, ஹதீஸ் துறையில பெரும்பான்மை அத ஏத்துக்கல. இன்னொண்ணு காலத்த பார்ப்பாங்க, அன்னைக்கு உலகம் முழுக்க அடிமை முறை, அதுக்குள்ள நின்னு விடுதலைய நன்மையாக்கினாங்க, அந்தத் திசையில போனா இன்னைக்கு அடிமை முறை கூடாதுன்னுதான் வரும்னு. ரெண்டுமே நபி தவறுன்னு சொல்லல, இன்னைக்கு நாம எப்படி நடக்கணும்ங்கறதத்தான் மாத்துது. அதையும் தாண்டி, அவங்க தன் காலத்து மனுசர், சில முடிவு அந்தக் காலத்தோட முடிஞ்சுதுன்னு எழுதற முஸ்லிம்களும் இருக்காங்க, கம்மிதான், கடும் எதிர்ப்பு வாங்கறாங்க.

என் அபிப்பிராயம் கேட்டா, ரெண்டாவது வழி எனக்குப் போதும். உனக்குப் போதலேன்னா அதுக்காக உன்ன யாரும் மார்க்கத்த விட்டு துரத்தக் கூடாது, கேள்வி வந்த பிள்ளைய துரத்தினா அது இன்னும் தூரமாதான் போகும். இத நேர்ல, தௌலியா (மத இலாகா குடுக்கற போதனை அனுமதி) உள்ள ஒரு உஸ்தாஸ் கிட்ட உக்காந்து பேசு, ரெண்டு பேர் கிட்ட கேளு, ஒருத்தர் கோவப்பட்டா அடுத்தவர் கிட்ட போ.

கஃபா டீச்சர், ஜெலுத்தோங்: ஒன்பது வயசுப் பிள்ளைங்களுக்கு இதுல எதச் சொல்லிக் குடுக்கலாம்?

நாலு சிஃபத்த சொல்லிக் குடுங்க டீச்சர், அடுத்த நாளே துல்யதைன் கதைய சொல்லுங்க. "நபிக்கே மறந்துச்சா"ன்னு கண்டிப்பா ஒரு வாண்டு கேக்கும், ஆமான்னு சொல்லுங்க, பேச்ச மாத்தாதீங்க. மறந்தா என்ன செய்யணும்னு நமக்குத் தெரியறதே அவங்க செஞ்சு காட்டினதாலதான், அந்த ரெண்டு சஜ்தாவையும் அப்பவே பாய் விரிச்சு செய்ய வைங்க, எப்படியும் பரீட்சைக்கு வர்ற பாடம்தான்.