காரின் ஓபிடி போர்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஓபிடி (ஆன்-போர்ட் டயக்னாஸ்டிக்ஸ்) என்பது காரின் கம்ப்யூட்டர் தன் கோளாறுகளைத் தானே கண்டறிந்து குறியீடாகப் பதியும் ஏற்பாடு. அந்தக் குறியீடுகளைப் படிக்க ஸ்கேனர் என்ற கருவியைச் செருகும் இடம்தான் ஓபிடி போர்ட். அது பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஸ்கேனர் காட்டும் குறியீடு, கோளாறை எங்கே தேட வேண்டும் என்றுதான் சொல்கிறது. எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று அது சொல்வதில்லை. வீண் செலவில் முடிந்த கதைகள் பலவற்றிலும் இந்தக் குழப்பத்தைப் பார்க்கிறேன்.

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது 2016 மாடல் சிறிய பெட்ரோல் கார். ஸ்கேனர் வாங்கிவிட்டேன். செருகும் இடத்தைத்தான் காணவில்லை. காருடன் வந்த கையேட்டிலும் இல்லை. என் காரில் அது இருக்குமா?

இருக்கும். பிஎஸ்4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி) கார்களுக்கு 2010 ஏப்ரலில் ஓபிடியின் முதல் கட்டமும் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் இந்தியாவில் கட்டாயமாயின. 2016 மாடலில் அது இல்லாமல் இருப்பது அரிது.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மொபைல் டார்ச்சால் டேஷ்போர்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பானெட் திறக்கும் லீவருக்குப் பக்கத்தில், ஃபியூஸ் பெட்டியை ஒட்டி, அல்லது பெடல்களுக்கு மேலே இருக்கும். சரிவக வடிவம், ஒரு பக்கம் அகலம், எதிர்ப்பக்கம் குறுகல். உள்ளே வரிசைக்கு எட்டாக 16 துளைகள். சில கார்களில் ஒரு சிறிய பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னாலோ, சில்லறை வைக்கும் தட்டைக் கழற்றினால் தெரியும்படியோ வைத்திருப்பார்கள். ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடி எட்டக்கூடிய இடத்தில், ஸ்டீயரிங்கிலிருந்து ஏறக்குறைய 60 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான தரவிதி. எனவே என்ஜின் பக்கம் போய்த் தேட வேண்டாம். ஸ்கேனர் ஒரே ஒரு வாக்கில்தான் உள்ளே போகும். போகவில்லை என்றால் திருப்பிப் பிடியுங்கள், அழுத்தாதீர்கள்.

2010க்கு முந்தைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதே 16 துளை வடிவம் உங்கள் காரிலும் இருக்கலாம். ஆனால் சில மாடல்கள் தயாரிப்பாளரின் சொந்தக் கருவியோடு மட்டுமே பேசும்.

கேள்வி: ஸ்கேனரைச் செருகினால் அதில் விளக்கே எரிவதில்லை. நண்பர் காரில் நன்றாக வேலை செய்கிறது. என் காரின் கம்ப்யூட்டர் போய்விட்டதா?

பயப்படாதீர்கள். போர்ட்டின் 16ஆம் துளைக்கு பேட்டரி மின்சாரம் சாவி போடாமலேயே வந்துகொண்டிருக்க வேண்டும். 4ஆம் துளை பாடி எர்த். விளக்கு எரியவில்லை என்றால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் அறுந்திருக்கும். பல கார்களில் இந்தப் போர்ட்டும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டும் ஒரே ஃபியூஸில் இருக்கும். அந்த சாக்கெட்டில் மொபைல் சார்ஜர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். அதுவும் செத்துக் கிடந்தால் விடை கிடைத்துவிட்டது. அதே ஆம்பியர் உள்ள புது ஃபியூஸ் போடுங்கள்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பவர்கள் அதன் தடித்த முனையைத் துளைக்குள் திணிக்கக் கூடாது. உள்ளே இருக்கும் மெல்லிய உலோக நாக்கு விரிந்துவிட்டால் பிறகு எந்த ஸ்கேனரும் சரியாகப் பிடிக்காது. மெல்லிய குண்டூசியை வாயிலில் தொட்டுப் பார்த்தாலே போதும். ஊசி பக்கத்துத் துளையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 2014 பெட்ரோல் செடான், 90,000 கி.மீ. ஓடியிருக்கிறது. என்ஜின் விளக்கு எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் செய்து பி0420 என்றார்கள். கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை மாற்றியே ஆக வேண்டும் என்கிறார்கள். விலையைக் கேட்டுத் தலை சுற்றுகிறது. வேறு வழி உண்டா?

பணம் கொடுப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். பி0420 என்றால், புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கன்வர்ட்டரின் செயல்திறன் குறைந்திருப்பதாக என்ஜின் கம்ப்யூட்டர் கணித்திருக்கிறது என்று பொருள். அந்தக் கணக்கை அது கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரை வைத்துத்தான் போடுகிறது. சென்சார் தவறாகச் சொன்னாலும், சைலன்சர் குழாயில் ஓட்டை வழியே வெளிக்காற்று உள்ளே போனாலும் இதே குறியீடு வரும்.

உங்கள் ஸ்கேனரிலேயே இதைப் பார்க்கலாம். காரை 20 நிமிடம் ஓட்டி நன்றாகச் சூடேற்றுங்கள். நிறுத்தி, நியூட்ரலில் என்ஜினை நிமிடத்துக்கு 2,500 சுற்றில் சீராகப் பிடித்தபடி, பின் சென்சாரின் வோல்ட்டை வரைபடமாகப் பாருங்கள். கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கும் பழைய வகை சென்சார் 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே விடாமல் ஏறி இறங்கும், அது இயல்பு. பின் சென்சார் 0.6, 0.7 அருகே ஏறக்குறைய நேர்க்கோடாக நிற்க வேண்டும். அப்படி நின்றால் கன்வர்ட்டர் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. பின் சென்சாரும் முன் சென்சாரைப் போலவே துள்ளினால் சந்தேகம் வலுக்கிறது. அப்போதும் முதலில் குழாய் இணைப்புகளைப் பாருங்கள். காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது 'டிக் டிக்' என்ற சத்தமும், இணைப்பைச் சுற்றிக் கரிக்கறையும் இருந்தால் கசிவு அங்கேதான்.

இன்னொன்றையும் கேளுங்கள்: பி0420 தனியாக வந்ததா, பி0300 முதல் பி0304 வரையிலான ஏதாவது ஒன்று துணைக்கு வந்ததா? அவை சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவதைக் காட்டும் குறியீடுகள். எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் கோளாறைச் சரி செய்யாமல் புதுக் கன்வர்ட்டர் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். இந்தச் சோதனைகளைச் செய்யாமல், குறியீட்டை மட்டும் காட்டி மதிப்பீடு கொடுக்கும் இடத்தில் காரை விடாதீர்கள்.

கேள்வி: என்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் மினுக்குகிறது. ஊர் போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாமா?

கூடாது. மேலே சொன்ன கன்வர்ட்டர் உருகும் நிலை அந்த நேரத்தில் நடந்துகொண்டிருக்கிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஓரம் கட்டுங்கள். மினுக்கல் நின்றால் மெதுவாக அருகிலுள்ள மெக்கானிக் வரை போகலாம். நிற்கவில்லை என்றால் கட்டி இழுத்துச் செல்வதே மலிவு.

கேள்வி: புகைச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அதற்கு முன் ஸ்கேனரில் குறியீட்டை அழித்துவிட்டால் பிரச்சினை தீருமா?

தீராது. புகைப் பரிசோதனையில் சைலன்சர் வாயில் வெளிவருவதைத்தான் அளக்கிறார்கள். பெட்ரோல் காருக்கு கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும், டீசலுக்குப் புகையின் அடர்த்தி. குறியீட்டை அழிப்பதால் இவற்றில் எதுவும் குறையாது.

அழிப்பதால் நீங்கள் இழப்பதுதான் அதிகம். கோளாறு தோன்றிய நொடியில் வேகம், சுற்று, என்ஜின் சூடு, சுமை எவ்வளவு என்ற பதிவை கம்ப்யூட்டர் சேமித்து வைத்திருக்கும். அழிக்கும் பொத்தானை அழுத்தினால் குறியீட்டோடு அதுவும் போய்விடும். எப்போதாவது மட்டும் தலைகாட்டும் கோளாறைப் பிடிக்க மெக்கானிக்கிடம் இருக்கும் ஒரே தடயம் பல சமயம் அதுதான். முதலில் எல்லாத் திரைகளையும் படமெடுத்து வையுங்கள். கோளாறைச் சரி செய்த பிறகு அழியுங்கள்.

கேள்வி: எந்த ஸ்கேனர் வாங்கலாம்? இணையத்தில் 500 ரூபாய்க்கும் கிடைக்கிறது. ஐஃபோனில் இணையுமா?

குறியீடு படிக்க மட்டும் என்றால் மலிவானதே போதும். அவற்றில் பெரும்பாலானவை இஎல்எம்327 என்ற சிப்பின் நகல்கள். அசல் சிப்பை உருவாக்கியது கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ். நகல்களில் சில கட்டளைகளே இல்லாமல் இருக்கும், '2.1' என்று அச்சிட்டு விற்பவற்றில் இந்தக் குறை அதிகம். வரைபடம் விட்டுவிட்டு வந்தால் காரைக் குறை சொல்ல வேண்டாம். சாதாரண ப்ளூடூத் கருவிகள் ஐஃபோனில் இணையாது. வைஃபை அல்லது ப்ளூடூத் எல்இ வகை என்று பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதே போர்ட்டில் செருகினால் மைலேஜ் கூடும் என்று விற்கப்படும் பொருளை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். அப்படிப்பட்ட பலவற்றைத் திறந்து பார்த்தால் விளக்கை மினுக்கவைக்கும் சர்க்யூட்டைத் தவிர உள்ளே வேறு எதுவும் இல்லை.

கேள்வி: ஏபிஎஸ் விளக்கு எரிகிறது. ஸ்கேனரோ 'கோளாறு இல்லை' என்கிறது. யாரை நம்புவது?

விளக்கை நம்புங்கள். பொது ஸ்கேனர்கள் என்ஜின் தொடர்பான 'பி' வகைக் குறியீடுகளைத்தான் ஒழுங்காகப் படிக்கும். பிரேக், ஏர்பேக் பிரிவுகளின் குறியீடுகளுக்கு அந்தந்த நிறுவனத்தின் கருவியோ, விலை உயர்ந்த பல நிறுவன ஸ்கேனரோ வேண்டும்.

கேள்வி: பழைய கார் ஒன்றை வாங்கப் போகிறேன். விற்பவர் எதிரில் ஸ்கேனரைச் செருகி எதைப் பார்ப்பது?

இந்தப் போர்ட்டால் கிடைக்கும் பெரிய பலன் இதுதான். தயங்காமல் அனுமதி கேளுங்கள்.

என்ஜினை ஸ்டார்ட் செய்யுமுன் சாவியை 'ஆன்' நிலையில் வைத்து, கூலண்ட் சூட்டையும் உள்ளிழுக்கும் காற்றின் சூட்டையும் பாருங்கள். இரவு முழுவதும் நின்ற காரில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். காற்று 30 டிகிரி, கூலண்ட் 70 டிகிரி என்று காட்டினால் நீங்கள் வருவதற்குள் யாரோ காரை ஓட்டியிருக்கிறார்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ சிக்கல் இருக்கலாம். இன்னொரு நாள் காலையில், பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள்.

அடுத்து, 'குறியீடுகள் அழிக்கப்பட்ட பின் ஓடிய தூரம்' என்ற எண். பெரும்பாலான கார்களில் இது கிடைக்கும். ஆயிரக்கணக்கில் இருந்தால் நிம்மதி. 6 கி.மீ. என்று இருந்தால், குறியீடுகளை இப்போதுதான் யாரோ அழித்திருக்கிறார்கள். கூடவே காரின் கம்ப்யூட்டர் செய்யும் சுயபரிசோதனைகளின் பட்டியலையும் ஸ்கேனரில் பாருங்கள். கன்வர்ட்டர், ஆக்சிஜன் சென்சார் பரிசோதனைகள் 'முடியவில்லை' என்று வரிசையாக நின்றால் அதுவும் இதையே உறுதிப்படுத்துகிறது. பேட்டரி மாற்றினாலும் பல கார்களில் இந்தக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆகவே உடனே குற்றம் சாட்டாமல் பேட்டரி பில்லைக் கேளுங்கள். பில் இல்லை என்றால், சில நாள் ஓட்டிவிட்டு வாருங்கள், மறுபடி பார்த்துவிட்டு விலை பேசுகிறேன் என்று சொல்லுங்கள். அதற்கு உடன்படாதவரிடம் வாங்க வேண்டாம்.

ஸ்கேனர் காட்டும் வாகன அடையாள எண்ணை ஆர்சி புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணோடு ஒப்பிடவும் மறக்காதீர்கள்.

கேள்வி: ஸ்கேனரைக் காரிலேயே விட்டுவைக்கலாமா?

தினமும் ஓட்டும் காரில் பேட்டரி இறங்காது. வெளியூர் போகிறீர்கள், கார் இரண்டு மூன்று வாரம் நிற்கும் என்றால் கழற்றிவிடுங்கள். சாவி இல்லாமலும் அது மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். ஓட்டும்போது முழங்கால் படும் இடத்தில் போர்ட் இருந்தால் எப்போதுமே கழற்றுங்கள். ஒரு இடி பட்டால் உடைவது ஸ்கேனர் மட்டுமாக இருக்காது, போர்ட்டின் பிடியும் சேர்ந்து உடையும். கடவுச்சொல் 1234 என்று வரும் ப்ளூடூத் கருவிகள் அருகில் நிற்கும் யாருடைய மொபைலோடும் இணைந்துவிடும் என்பதால், பொது நிறுத்தங்களில் விடும் காரில் அதைச் செருகி வைக்காதீர்கள்.