அமெரிக்கக் கிராமப்புற கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) போலீஸ், தீயணைப்பு ரேடியோ இன்னும், குரலை எண்களாக மாற்றாமல் அலையாகவே அனுப்பும் அனலாகிலேயே ஓடுவது ஏன்?

காசுதான் முதல் காரணம், ஆனால் அது மட்டும் இல்லை. பழைய ரேடியோக்கள் பெரும்பாலும் 150 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய விஹெச்எஃப் அலைவரிசையில் ஓடுகின்றன; காடு மேடு தாண்டி ஒரே டவரில் வெகுதூரம் போகும். 700, 800 மெகாஹெர்ட்ஸ் டிஜிட்டலுக்கு மாறினால் அதே பரப்புக்குக் கூடுதல் டவர்கள் வேண்டும், கையில் பிடிக்கிற ரேடியோ ஒன்றுக்கே ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும். தீயணைப்பவர்களோ பெரும்பாலும் தன்னார்வலர்கள். அவர்களைக் கூப்பிடும் பேஜர் இடுப்பில் செருகியிருக்கும்; ரேடியோவில் அதற்கென்று வைத்த இரண்டு டோன் (ஒலி) கேட்டால்தான் அலறும், அதுவும் அனலாக்தான்.

அப்புறம், சிக்னல் குறையும்போது அனலாகில் இரைச்சலுக்கு நடுவே "உள்ளே ஆள்" என்பதாவது காதில் விழும். டிஜிட்டலில் குரல் உடைந்து சட்டென்று நின்றுவிடும். 2013 ஜனவரி 1க்குள் சேனல் அகலத்தை 12.5 கிலோஹெர்ட்ஸாகக் குறுக்கத்தான் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசி சொன்னது, டிஜிட்டலுக்கு மாறச் சொல்லவில்லை. சரி, மாறியே விட்டாலும், பக்கத்து கவுண்டி அனலாகில் இருந்தால் பெரிய தீ பிடிக்கும்போது யாரோடு பேசுவது?