மாசி முதல் சித்திரை வரை நம்ம கரையில் வானம் பார்ப்பது: கேள்வி பதில்

வெயில் காலத்து வானிலை பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நம்ம ராமநாதபுரம் மாவட்டக் கரையில் தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன். பாம்பனில் இருந்துகொண்டு தினமும் பார்த்துக் குறித்து வைப்பதை வைத்துத்தான் சொல்கிறேன். கடலுக்குப் போகிறவர்கள் வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையைப் பார்க்காமல் இதை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

மண்டபம், நாட்டுப்படகு வைத்திருப்பவர்: அண்ணே, காலையில் எழுந்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? போனில் வானிலை ஆப்பையா, வானத்தையா?

காற்றைத்தான் தம்பி. அதிலும் திசையை விட, திசை மாறுகிற நேரத்தை.

பங்குனி, சித்திரையில் நம்ம கரையில் விடியற்காலையில் தரைப்பக்கமிருந்து லேசாக ஒரு காற்று வரும், இல்லை சுத்தமாக அசைவே இருக்காது. வெயில் ஏறி மண் சூடானதும் கடல் பக்கமிருந்து காற்று திரும்பும். கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் தெற்கு, தென்கிழக்கிலிருந்து வரும். தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் கிழக்கிலிருந்து வரும். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் ஒழுங்காகத் திரும்பிவிட்டால் அன்றைக்கு வழக்கமான நாள்: வெயில் உண்டு, மழை கிடையாது, மதியத்துக்கு மேல் காற்று கொஞ்சம் தூக்கலாக இருக்கும். மதியம் ஆகியும் திரும்பாமல் மேற்கேயிருந்தே அனலாக வீசிக்கொண்டிருந்தால் மேலே மேல்காற்று, அதாவது மேற்கேயிருந்து வீசும் காற்று, பலமாக இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு வெயில் கொளுத்தும், சாயங்காலம் மேற்கே ஒரு கண் வைத்திருக்க வேண்டும். மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதுதான் முக்கியம். இரவு முழுக்கக் காற்று அடங்காமல் கிழக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ ஒரே சீராக வீசினால் அது கடற்காற்றே இல்லை. இரவில் தரை குளிர்ந்த பிறகு கடற்காற்றுக்கு வேலை கிடையாது. எங்கோ கடலுக்குள் ஏதோ உருவாகியிருக்கிறது, அதுதான் இழுக்கிறது. அப்போதுதான் ஆப்பையும் செயற்கைக்கோள் படத்தையும் திறந்து பாருங்கள்.

ராமேஸ்வரம் தீவுக்குள் இந்த மாற்றம் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும், சுற்றிலும் தண்ணீர் என்பதால். மண்டபத்திலிருந்து மேற்கே போகப் போகத் தெளிவாகத் தெரியும்.

பாம்பன்: ஆப்பில் காற்று 15 நாட் என்று போட்டிருக்கிறது, ஒரு நாள் கடல் குளம் மாதிரி கிடக்கிறது, ஒரு நாள் படகைத் தூக்கிப் போடுகிறது. எப்படி?

15 நாட் என்றால் மணிக்கு 28 கிலோமீட்டர் அளவு. ஆனால் நமக்கு இரண்டு கடல் இருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது: வடகடல் என்றால் பாக் நீரிணைப் பக்கம், தென்கடல் என்றால் மன்னார் வளைகுடா. வாடை (வடகிழக்குக் காற்று) அடித்தால் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். கச்சானும் (மேற்கு, தென்மேற்குக் காற்று) தென்காற்றும் பிடித்தால் அப்படியே தலைகீழ். மாசி முதல் பாதியில் வாடை இன்னும் முழுசாக விடாமல் இருக்கும், பங்குனியில் எந்தப் பக்கமும் சேராமல் கிடக்கும், சித்திரை பிற்பாதியில் தெற்கும் தென்மேற்கும் கை ஓங்கும். அதனால் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் திசையைப் பாருங்கள்.

இன்னொன்று, வடகடல் ஆழம் குறைவு, பெரும்பாலான இடத்தில் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள்தான். ஆழமில்லாத தண்ணீரில் கொஞ்ச நேரக் காற்றுக்கே அலை குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து எழும்பிவிடும். அதே 15 நாட்டுக்குத் தென்கடலில் அலை நீளமாக இருக்கும், படகு ஏறி இறங்கிப் போய்விடும். உயரம் ஒன்றாக இருந்தாலும் வடகடல் அலைதான் சின்னப் படகை அதிகம் உலுக்கும்.

முதுகுளத்தூர், முண்டு மிளகாய் போட்டிருக்கும் அக்கா: களத்தில் வத்தல் காய்கிறது. ராமநாதபுரத்துக்கு மழை என்று செய்தியில் சொன்னால் அள்ளி மூடுகிறோம், ஒரு துளி விழுவதில்லை. ஒன்றும் சொல்லாத அன்றைக்குக் கொட்டுகிறது. எதை நம்புவது?

அக்கா, உங்கள் கவலை புரிகிறது, ஒரு மழை நனைந்தால் நிறம் கெட்டுச் சண்டு வத்தலாகிப் பாதி விலைக்குக்கூடக் கேட்க மாட்டார்கள்.

முதலில் செய்தியில் வரும் சொற்களைக் கவனியுங்கள். "ஓரிரு இடங்களில்" என்றால் மழை அளக்கும் நிலையங்களில் கால்வாசிக்குள் மட்டும் மழை பெய்யும் என்று கணக்கு. "ஒரு சில இடங்களில்" என்றால் கால் முதல் பாதி வரை. ஓரிரு இடங்களில் என்று சொன்ன நாளில் உங்கள் களத்தில் பெய்யாமல் போவதுதான் அதிக வாய்ப்பு, அறிவிப்பு பொய்யாகிவிட்டது என்று ஆகாது.

இரண்டாவது, உங்கள் ஊர் இருக்கும் இடம். மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு கடற்காற்று வடக்கே ஏறுகிறது, பாக் நீரிணையிலிருந்து இன்னொன்று மேற்கே ஏறுகிறது. இரண்டும் மதியத்துக்கு மேல் முதுகுளத்தூர், பரமக்குடிப் பக்கம் உள்ளே வந்து, அங்கே இருக்கும் சூடான காற்றோடு மோதும். மோதுகிற இடத்தில் காற்றுக்குப் போக வழி மேலேதான், மேகம் அங்கேதான் கட்டும். அதனால்தான் கரையில் சுத்தமான வானம் இருக்கும் நாளில் உங்களுக்கு இடி இடிக்கிறது.

களத்தில் நின்றுகொண்டே பார்க்க ஒரு வழி சொல்கிறேன். பதினொரு மணிக்கு மேகத்தைப் பாருங்கள். பஞ்சுப் பொதி மாதிரி தட்டையாக, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு மிதந்தால் பயமில்லை. ஒரு மணிக்குள் ஏதாவது ஒன்று அகலத்தை விட உயரம் அதிகமாகி, தலை காலிஃபிளவர் போல விளிம்பு கூர்மையாகப் பொங்கினால் அதையே பத்து நிமிஷம் பாருங்கள். தலை கரைந்து விளிம்பு பிசிறிப் போனால் மேலே காற்று வறண்டிருக்கிறது, விட்டுவிடலாம். பிசிறாமல் மேலே மேலே ஏறினால் தார்ப்பாயை எடுத்துவிடுங்கள். அப்புறம், வெக்கையில் ஒரு குளிர்ந்த காற்று திடீரென்று முகத்தில் அடித்தால் பக்கத்தில் எங்கோ மழை இறங்கிவிட்டது. அது உங்களை நோக்கி வந்தால் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிஷம்தான், வத்தலைக் கூட்டி மூட மட்டுமே நேரமிருக்கும்.

வாலிநோக்கம், உப்பளத் தொழிலாளி: எங்களுக்குச் சின்ன மழையே பெரிய அடி. முன்கூட்டியே தெரியுமா?

10 மில்லிமீட்டர் மழை என்றால் கேட்க ஒன்றுமில்லை மாதிரி இருக்கும், ஒரு ஏக்கர் பாத்தியில் அது நாற்பதாயிரம் லிட்டர் நல்ல தண்ணீர். உப்பு கரையாமல் என்ன செய்யும்.

சித்திரை இடிமழை முன்னாலேயே மேற்கே தெரிந்துவிடும். உங்களுக்குக் கெடுதல் மாசி, பங்குனியில் கிழக்கேயிருந்து வருவது. இலங்கைக்குத் தெற்கிலோ குமரிக்கடலிலோ ஒரு காற்றழுத்தத் தாழ்வு நின்றால் இரவில், விடியற்காலையில், இடி மின்னல் இல்லாமலே வந்து பெய்துவிட்டுப் போகும். 2022 மார்ச் முதல் வாரத்தில் வங்கக்கடலில் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமே உருவாகித் தமிழகக் கரையை நோக்கி வந்தது, அந்த மாதத்தில் அது மிக அபூர்வம். அடையாளம் நான் மேலே சொன்னதுதான்: தெற்குக்குத் திரும்பியிருந்த காற்று மறுபடி வடகிழக்குக்குப் போய், இரவிலும் விடாமல் வீசினால் வாரி வைத்த உப்பை மூடிவிடுங்கள்.

கீழக்கரை: காக்கா (அண்ணே), என் போனில் காற்றழுத்தம் காட்டும் வசதி இருக்கிறது. தினமும் சாயங்காலம் இறங்குகிறது. புயல் அறிகுறியா?

இல்லை தம்பி. நம்ம பக்கத்தில் காற்றழுத்தம் தினமும் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்கும். காலை பத்து, இரவு பத்து வாக்கில் உச்சம். விடியற்காலை நாலு, மாலை நாலு வாக்கில் தாழ்வு. காலை பத்துக்கும் மாலை நாலுக்கும் மூன்று, நாலு மில்லிபார் வித்தியாசம் சாதாரணம். ஆகவே இன்று பத்து மணி அளவை நேற்றுப் பத்து மணி அளவோடு மட்டும் ஒப்பிடுங்கள். நாளுக்கு நாள் ஒன்று அரை என்று அசையும். ஒரே நாளில் மூன்றுக்கு மேல் இறங்கினால் அப்போது எனக்கும் சொல்லுங்கள். மாடியில் பார்த்ததைக் கீழே பார்த்ததோடு ஒப்பிடாதீர்கள், எட்டு மீட்டர் உயரத்துக்கு ஒரு மில்லிபார் மாறிவிடும்.

ஏர்வாடி: வானம் தெளிவு, காற்றே இல்லை, ஆனால் திடீரென்று அலை ஏறி வலை, படகு எல்லாவற்றையும் இழுக்கிறது. இது என்ன?

கள்ளக்கடல். இதை நம்ம வானத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது, ஏனென்றால் அந்த அலையைக் கிளப்பிய காற்று தென்னிந்தியப் பெருங்கடலில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, சில நாட்களுக்கு முன்னால் அடித்தது. சித்திரை, வைகாசிதான் இதற்குப் பேர்போன காலம். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது இந்த அலையில்தான், அதற்கு முன்பே எச்சரிக்கை வந்திருந்தது.

கரையில் நின்று செய்ய ஒன்று உண்டு: அலையை எண்ணுங்கள். ஒரு அலை உடைந்ததும் ஆரம்பித்து அடுத்தது உடையும் வரை விநாடி. உள்ளூர்க் காற்று எழுப்பும் அலை நாலு முதல் ஆறு விநாடிக்குள் வந்துவிடும். பதினாலு, பதினாறு என்று இடைவெளி நீண்டால், அலை அப்போதைக்குச் சின்னதாகத் தெரிந்தாலும் படகை மேலே ஏற்றுங்கள், பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் நிறுவனம் இதற்கென்றே எச்சரிக்கை விடுகிறது. வடகடல்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, இலங்கையும் ராமர் பாலத்து மணல் திட்டுகளும் மறித்துவிடுகின்றன.

ராமேஸ்வரம்: அக்னி தீர்த்தத்தில் கடல் உள்வாங்கினால் ஊரே பதறுகிறது. பயப்பட வேண்டுமா?

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி கடல் ஏறும் ஏற்றமும் இறங்கும் வற்றமும் வழக்கத்தை விட அதிகமாக இருக்கும், மார்ச் கடைசியில் இன்னும் கொஞ்சம் கூடுதல். அதோடு காற்றும் தரையிலிருந்து தண்ணீரைத் தள்ளினால், சரிவே இல்லாத அந்தக் கரையில் அரை அடி இறங்கினால்கூட வெகுதூரம் பாறையும் பாசியும் தெரியும். சில மணி நேரம் எடுத்து மெதுவாக இறங்கினால் அது வற்றம்தான். நிமிஷக் கணக்கில் கண்முன்னால் ஓடிப்போனாலோ, நில அதிர்வு உணர்ந்தாலோ யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்காமல் மேடான இடத்துக்கு ஓடுங்கள்.

தொண்டி: நிலாவைச் சுற்றி வட்டம் போட்டால் மழை என்று அம்மா சொல்கிறார். உண்மையா?

"அகல வட்டம் பகல் மழை" என்பதைத்தான் சொல்கிறார். அகல வட்டம் மிக உயரத்தில் இருக்கும் மேகத்தின் பனித்துகளால் வருவது. ஐப்பசி, கார்த்திகையில் அதற்குப் பின்னால் மழை வர நல்ல வாய்ப்பு உண்டு. பங்குனியில் அதே வட்டம் எங்கோ தூரத்தில் பெய்து முடித்த இடிமேகத்தின் மிச்சமாக இருக்கலாம், கீழே காற்று வறண்டிருந்தால் ஒன்றும் வராது. அம்மா சொல்வதைத் தள்ளாதீர்கள், காற்றின் திசையோடு சேர்த்துப் பாருங்கள்.

பரமக்குடி, ஆசிரியை: பிள்ளைகளை வைத்துத் தினமும் குறிப்பு எடுக்க ஆசை. கருவி வாங்க வசதியில்லை.

ரொம்ப நல்ல காரியம் டீச்சர். ஒரு கம்பில் துணி நாடா, நேரான சுவர் உள்ள ஒரு டப்பா, ஒரு அளவுகோல் போதும். டப்பாவை மரம், கட்டடத்தை விட்டுத் தள்ளி, அவற்றின் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தூரத்தில் வையுங்கள். தினமும் காலை 8.30க்கு அளந்து கொட்டிவிடுங்கள். வானிலை ஆய்வு மையத்தின் நாள் கணக்கும் 8.30 முதல் 8.30தான், அப்போதுதான் செய்தித்தாளில் வருவதோடு ஒப்பிட முடியும். காற்று எத்தனை மணிக்குத் திரும்பியது என்ற ஒரு வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நாளை என்ன ஆகும் என்று முதல் நாளே பிள்ளைகளை எழுத வையுங்கள், பார்த்துவிட்டு எழுதினால் அது கணிப்பு இல்லை.

தொண்டி, விசைப்படகு: ரேடாரில் மழை காட்டவில்லை, ஆனால் பெய்தது. ரேடார் கோளாறா?

நீங்கள் பார்ப்பது காரைக்காலாக இருந்தால் அங்கிருந்து பாம்பன் 200 கிலோமீட்டர் அளவு. அவ்வளவு தூரத்தில் கதிர் தரையிலிருந்து நாலு கிலோமீட்டர் உயரத்தில் போகும், அதற்குக் கீழே இருக்கும் தாழ்வான மேகம் கண்ணில் படாது. உயரமான இடிமேகம் தெரியும், மாசித் தூறல் தெரியாது.

தேவிபட்டினம், நாட்டுப்படகு: தடைக்காலத்தில் நாங்கள் மட்டும்தான் போகிறோம். சாயங்கால இடிமழைக்கு என்ன செய்வது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு நிற்கும் அந்த 61 நாளில் உதவிக்குப் பக்கத்தில் பெரிய படகு இருக்காது, அதனால் இது எனக்கு மிகவும் கவலையான விஷயம். மேற்கே மதுரை, சிவகங்கைப் பக்கம் கட்டும் மேகத்தை மேல்காற்று கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும். மழைக்கு முன்னால் மேற்கேயிருந்து ஒரு வீச்சு வரும். அதுவரை கிழக்கிலிருந்து வந்த கடற்காற்று பொத்தென்று நின்றுபோகும், சில நிமிஷம் அசைவே இருக்காது, அப்புறம் அடிக்கும். அந்த அமைதி வந்த பிறகு கரைக்கு ஓடுவது தாமதம். அதற்கும் முன்னால், மேற்கே மேகத்தின் தலை பட்டறைக்கல் போலப் பரந்து உங்கள் தலைக்கு மேல் வர ஆரம்பிக்கும்போதே வலையை இழுத்துவிடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே விநாடி எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் வரும். முப்பது விநாடிக்குக் கீழே வந்தால் பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. கரையில் இருந்தால் வீட்டுக்குள் போங்கள், பனைக்கு அடியில் நிற்கவே கூடாது.