மருத்துவர் பதில்கள்: சர்க்கரை மாத்திரை வாங்கும் இடத்தில் மனச்சோர்வுக்கும் மருந்தா?

கேள்வி: என் அம்மா சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாமாதம் மாத்திரை வாங்குகிறார். சென்ற முறை செவிலியர் தூக்கம், பசி, மனநிலை என்று ஒன்பது கேள்விகள் கேட்டு மதிப்பெண் போட்டாராம். அதைப் பார்த்த மருத்துவர் சிறிது நேரம் பேசிவிட்டு, மனச்சோர்வு என்று ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார். “எனக்கென்ன பைத்தியமா?” என்று அம்மா அழுகிறார். மனநல மருத்துவர் அல்லாதவர் இதற்கு மருந்து தரலாமா?
– வாசகி, மணப்பாறை

பதில்: தரலாம். மிதமான மனச்சோர்வையும் பதற்றத்தையும் கண்டறிந்து சிகிச்சை தொடங்குவது பயிற்சி பெற்ற பொதுமருத்துவரின் வேலைதான். அந்த ஒன்பது கேள்விகள் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மருத்துவர் உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டும் என்பதே அதன் பொருள். அந்த எண்ணை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்டுவதில்லை. உங்கள் அம்மாவிடம் மருத்துவர் பேசிய பிறகே மருந்து எழுதியிருக்கிறார் என்பதால், முறைப்படிதான் நடந்திருக்கிறது. கடைசிக் கேள்வி உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்பது. அதைக் கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள்; கேட்பதால் வருவதில்லை.

நம் ஊரில் மனச்சோர்வோடு வருபவர் ‘மனம் சரியில்லை’ என்று சொல்லி வருவது அரிது. ‘உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு’, ‘நெஞ்சு படபடங்குது’, ‘உள்ளங்கால் எரியுது’ என்றுதான் வருவார்கள். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஓர் அம்மாள் மஞ்சள் பையைக் கவிழ்த்து மேசையில் கொட்டியபோது ஏழு மருத்துவர்களின் சீட்டுகள், இரண்டு ஸ்கேன் படங்கள், வாயு மாத்திரை அட்டைகள், பாதி தீர்ந்த சத்து டானிக் எல்லாம் விழுந்தன. கணவர் இறந்து எத்தனை மாதம் ஆகிறது என்று அந்த ஏழு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. அவரை முதலில் பார்த்தவரே கேட்டிருந்தால் அந்தப் பைக்கு வேலையே இருந்திருக்காது.

ரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் மனச்சோர்வைப் போலவே தோன்றும் என்பதால், உடலையும் சேர்த்துப் பார்க்கும் இடத்தில் இந்தச் சிகிச்சை தொடங்குவது நல்லதே. மனம் சோர்ந்தவர் சர்க்கரை மாத்திரையைத் தவறவிடுவார், நடைப்பயிற்சியை விடுவார். இரண்டையும் ஒரே இடத்தில் கவனித்தால் இரண்டுமே மேம்படும். மருந்தின் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குணம் தெரிந்த பிறகும் ஆறு மாதமாவது, பெரும்பாலும் அதற்கு மேலும் தொடர வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைக்கு உடல் பழகிவிடும் ஆபத்து உண்டு. இந்த மருந்து அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

கேள்வி: நான் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர். காய்ச்சல், கர்ப்பிணிகள், தடுப்பூசி, பதிவேடுகள் என்று ஏற்கெனவே மூச்சு முட்டுகிறது. இப்போது மனநலமும் எங்கள் தலையில். நடக்கிற காரியமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஒரு நாள் பயிற்சியும் ஒரு புதிய பதிவேடும் கொடுத்துவிட்டு ‘ஒருங்கிணைத்துவிட்டோம்’ என்று அறிவிப்பது ஒருங்கிணைப்பே அல்ல என்பது என் கருத்து. கர்நாடகத்தில் பெல்லாரி மாவட்டத்தில் 1980களில் பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மனநலச் சிகிச்சை தர நடத்திய முயற்சியே, 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்துக்கு முன்மாதிரி. அப்போதிருந்தே கேட்கப்படும் கேள்விதான் உங்களுடையது.

அதற்கு ஓரளவு தெளிவான விடை கோவாவிலிருந்து கிடைத்தது. மனநல மருத்துவர் விக்ரம் படேலும் குழுவினரும் அங்கே 24 மருத்துவ நிலையங்களில் நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. அவற்றில் பாதி அரசு நிலையங்கள், பாதி தனியார் மருத்துவர்களுடையவை. மனநலப் படிப்பு இல்லாத, ஆனால் நன்கு பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர் நோயாளியுடன் பேசித் தொடர்ந்து விசாரித்து வந்தார். மருந்து தேவைப்பட்டவருக்கு நிலைய மருத்துவர் கொடுத்தார். மனநல மருத்துவர் அவ்வப்போது வந்து மேற்பார்வை செய்தார். அரசு நிலையங்களில் மனச்சோர்வோ பதற்றமோ உறுதியானவர்களில் ஆறு மாதத்தில் குணமடைந்தோர் சுமார் 66 விழுக்காடு. வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த அரசு நிலையங்களில் சுமார் 43. தனியார் நிலையங்களில் அத்தகைய வேறுபாடு தெரியவில்லை.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது கூடுதல் படிவத்தை அல்ல, இதற்கென்றே ஓர் ஆளை. வராமல் போனவரை ‘ஏன் வரலையம்மா?’ என்று தொலைபேசியில் கேட்க நேரமுள்ள ஒருவர் இல்லாவிட்டால், முதல் அட்டை மாத்திரையோடு பலரின் சிகிச்சை நின்றுவிடும்.

கேள்வி: என் தம்பிக்குக் காதில் குரல்கள் கேட்கின்றன. அவனையும் உள்ளூரிலேயே காட்டலாமா? வெளியே தெரிந்துவிடுமோ என்று பயம்.
– வாசகர், திருவாடானை

பதில்: முதலில் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநல மருத்துவர் பார்த்து மருந்தை முடிவு செய்யட்டும். நோய் கட்டுக்குள் வந்த பிறகு, அவர் எழுதிக் கொடுக்கும் சீட்டை வைத்து அருகிலுள்ள நிலையத்தில் தொடர முடியுமா என்று கேளுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஆரம்ப நிலை உட்பட எல்லா நிலைகளிலும் பொது மருத்துவத்தோடு மனநலச் சேவையை இணைக்க வேண்டும் என்கிறது. நோயாளியின் விவரங்களை மறைவாகக் காக்கும் உரிமையையும் தருகிறது. வெளியே தெரியும் என்று பயந்து சிகிச்சையைத் தவிர்க்காதீர்கள்; உங்கள் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டுண்டு தீயில் கருகிய 28 பேரை நான் மறக்கவில்லை. அவசரமென்றால் எந்த நேரத்திலும் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை அழையுங்கள். தமிழில் பேசுவார்கள்.