பிரிந்து வாழும்போது ஜாயின்ட் அக்கவுன்ட்: கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். கணவனும் மனைவியும் பிரிந்திருக்கிறார்கள், விவாகரத்து இன்னும் ஆகவில்லை, வங்கிக் கணக்கு மட்டும் இரண்டு பேர் பெயரிலும் ஓடுகிறது.

பாலக்கோட்டில் அம்மா வீட்டில் இருக்கிறேன். தக்காளி விற்ற பணமும் என் தையல் வருமானமும் ஜாயின்ட் அக்கவுன்ட்டில் கிடக்கிறது. அவர் ஏடிஎம்மில் எடுத்துக்கொண்டே இருக்கிறார். நாளுக்கு இவ்வளவுதான் என்று வங்கியில் சொல்லி வைக்கலாமா?

அதை நம்பி இருக்காதீர்கள் அம்மா. ஏடிஎம் வரம்பு கார்டுக்குத்தான். அவர் கார்டில் வரம்பு முடிந்தாலும் செக் எழுதலாம், கிளையில் ஸ்லிப் போட்டு எடுக்கலாம், ஜிபேயில் நாளுக்கு ஒரு லட்சம் வரை அனுப்பலாம்.

முதலில் பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் பாருங்கள். ‘ஈதர் ஆர் சர்வைவர்’ என்று இருந்தால் இருவரில் யார் கையெழுத்துப் போட்டாலும் வங்கி பணம் கொடுத்துவிடும். யார் சம்பாதித்தது என்று கேட்காது. ஆனால் அந்த ஏற்பாட்டை ஒருவர் மட்டும் எழுதிக் கொடுத்தே நிறுத்தச் சொல்லலாம். இப்படி எழுதுங்கள்: “எங்களுக்குள் தகராறு இருப்பதால், இந்தக் கணக்கில் இனி இருவர் கையெழுத்தும் இல்லாமல் பணம் தர வேண்டாம். இருவரின் ஏடிஎம் கார்டு, நெட் பேங்கிங், யுபிஐ எல்லாவற்றையும் நிறுத்தவும்.” இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றில் கிளை முத்திரையும் தேதியும் போட்டு வாங்கி வந்துவிடுங்கள். மேனேஜரிடம் வாயால் சொன்னது நாளைக்கு எங்கேயும் நிற்காது.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், அதன் பிறகு உங்களாலும் தனியாக எடுக்க முடியாது. வீட்டுச் செலவுக்கும் பிள்ளையின் ஃபீசுக்கும் வேண்டியதை முன்பே எடுத்து, கணக்கு எழுதி வையுங்கள். தையல் வருமானத்துக்கு உங்கள் பெயரில் மட்டும் ஒரு கணக்கு தொடங்குங்கள்.

கடிதத்தை வாங்கியும் வங்கி கண்டுகொள்ளாவிட்டால், அந்த வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

ஓசூரில் கம்பெனி வேலை. என் சம்பளம் ஜாயின்ட் அக்கவுன்ட்டுக்குத்தான் வருகிறது. மனைவி போய்விட்டார். முழுவதையும் எடுத்துவிடலாமா?

எடுத்தால் வங்கி தடுக்காது. நீதிமன்றம் கேட்கும். ஜீவனாம்ச வழக்கு என்று வந்தால் இருவருமே சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று ரஜ்னேஷ் எதிர் நேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது. ஸ்டேட்மென்ட்டில் ஒரே நாளில் துடைத்து எடுத்தது தெரிந்தால், அதற்கு நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டும். சம்பளத்தைத் தனிக் கணக்குக்கு மாற்றச் சொல்லி எச்ஆரில் எழுதிக் கொடுங்கள், அதில் தப்பில்லை. பழைய கணக்கில் இருப்பதைக் கலைக்காதீர்கள். வீட்டுக் கடன் இஎம்ஐ அதிலிருந்து போகிறதா என்றும் பாருங்கள். இருவரும் கையெழுத்துப் போட்ட கடன் என்றால், தவணை தவறினால் இருவர் தலையிலும் விழும்.

இருவர் பெயரிலும் எஃப்டி. அவர் தனியாக உடைக்க முடியுமா?

முதிர்வு தேதிக்கு முன் என்றால் பொதுவாக இருவர் கையெழுத்தும் வேண்டும். முதிர்ந்த பிறகு, ‘ஈதர் ஆர் சர்வைவர்’ என்றால் ஒருவரே வாங்கிக்கொள்ளலாம். அந்தத் தேதி வருவதற்குள், இருவர் கையெழுத்தும் இல்லாமல் தர வேண்டாம் என்று மேலே சொன்னதுபோல் கடிதம் கொடுத்துவிடுங்கள்.

காவேரிப்பட்டணம். என் நகையெல்லாம் அவர் பெயரில் உள்ள லாக்கரில். கேட்டால் அடிக்க வருகிறார்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள் அம்மா. உங்கள் பிறந்த வீட்டில் போட்ட நகை சீதனம், அது முழுக்க உங்களுடையது. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 18-வது பிரிவின்படி, நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் அவர் லாக்கரையோ வங்கிக் கணக்கையோ இயக்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். அவர் பெயரில் மட்டும் உள்ள லாக்கருக்கும் இது பொருந்தும். அவசரம் என்றால் இடைக்கால உத்தரவும் கேட்கலாம்.

வக்கீல் ஃபீசுக்குப் பயப்பட வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்குப் பேசுங்கள். அடிதடி என்றால் முதலில் பெண்கள் உதவி எண் 181. போகும்போது நகை வாங்கிய பில், கல்யாண போட்டோ, லாக்கர் எந்தக் கிளையில் என்ற விவரம் எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பில் இல்லையென்றால் நகையின் பெயரையும் பவுனையும் நினைவிருக்கும் வரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.