ஆர்கேட் பெட்டிக்கு ஜாய்ஸ்டிக்: துளை போடும் முன் யோசிக்க வேண்டியவை, ஒயர் இழுக்கும்போது கவனிக்க வேண்டியவை

கேள்வி: இரண்டு பேர் ஆடும் ஆர்கேட் பெட்டி ஒன்றை வீட்டிலேயே செய்துகொண்டிருக்கிறேன். கண்ட்ரோல் பலகைக்கு 18 மி.மீ. பிளைவுட் எடுத்திருக்கிறேன். பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரில், ஆர்கேட் ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மேம் எமுலேட்டர் மென்பொருள் ஓடுகிறது. ஜாய்ஸ்டிக், பட்டன், ஸ்விட்ச் அமுங்குவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் யூ.எஸ்.பி. என்கோடர் போர்டு எல்லாம் கைக்கு வந்துவிட்டன. ஒவ்வொரு ஸ்விட்சிலும் மூன்று கால் இருக்கிறதே, எதில் எதை மாட்டுவது? பட்டனுக்கு இரண்டு ஒயர் என்று கணக்குப் போட்டால் ஐம்பதைத் தொடுகிறது. ஜாய்ஸ்டிக்கை மட்டும் தற்காலிகமாக இணைத்துப் பேக்மேன் ஆடிப் பார்த்தேன். திருப்பங்களில் சொன்ன பக்கம் போக மாட்டேன் என்கிறது. ஜாய்ஸ்டிக் பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. 1980-இல் வந்த பேக்மேன், நான்கு திசை ஜாய்ஸ்டிக்குக்காகச் செய்யப்பட்ட ஆட்டம். இப்போது செட்டாகக் கிடைப்பவை பெரும்பாலும் எட்டுத் திசை. அவசரத்தில் குச்சி கொஞ்சம் மூலைப் பக்கம் சாய்ந்தாலும் மேல் ஸ்விட்சும் வலது ஸ்விட்சும் சேர்ந்து அமுங்கும். மேம் அந்த இரண்டில் ஒன்றைத்தான் ஆட்டத்துக்குள் அனுப்பும். அது நீங்கள் நினைத்த திசையாக இருக்க வேண்டுமே!

ஜாய்ஸ்டிக்கைக் கவிழ்த்துப் பாருங்கள். குச்சியின் அடிமுனையைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதற்குக் கேட் என்று பெயர். குச்சி எந்தப் பக்கம் எவ்வளவு சாயலாம் என்று கட்டுப்படுத்துவது அதுதான். பல மாடல்களில் சதுரக் கேட்டைக் கழற்றி 45 டிகிரி திருப்பி மாட்டலாம். அப்போது சதுரத்தின் மூலைகள் நான்கு நேர்த்திசைகளுக்கு வந்துவிடும், குச்சி குறுக்கே போகாது. பேக்மேன், டாங்கி காங் எல்லாம் சொன்னபடி கேட்கும். ஆனால் அதே குச்சியை வைத்து ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆட முடியாது. அதில் கீழே தொடங்கி முன்பக்கம் வரை கால்வட்டம் போட்டால்தான் வித்தை காட்ட முடியும், அதற்குக் குறுக்குத் திசை கட்டாயம் வேண்டும். ஆகவே என்னென்ன ஆட்டம் ஆடப்போகிறீர்கள் என்று இப்போதே பட்டியல் போடுங்கள். இரண்டு ரகமும் வேண்டுமென்றால், பலகையின் நடுவில் மேல்பக்கமாக நான்கு திசைக்கென்று மூன்றாவது ஜாய்ஸ்டிக் ஒன்றை வைத்துவிடுவதே என் யோசனை. ஆட்டத்துக்கு ஆட்டம் கேட்டைத் திருப்பிக்கொண்டிருப்பது இரண்டாம் நாளே அலுத்துவிடும்.

ஒயரைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறீர்கள். தப்பாக மாட்டிய ஒயரை ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம். தப்பாகப் போட்ட துளையை என்ன செய்வது? அதனால் மரத்தை முதலில் முடிப்போம்.

18 மி.மீ. பலகை உறுதியானதுதான், ஆனால் இரண்டு இடத்தில் தொல்லை தரும். ஜாய்ஸ்டிக்கை அதன் அடியில் அப்படியே திருகினால் குச்சியில் பாதி மரத்துக்குள்ளேயே போய்விடும், பிடிக்கக் குமிழ்தான் மிஞ்சும். அடிப்பாகத் தகடு உட்காரும் அளவுக்குக் கீழ்ப்பக்கத்தில் ரவுட்டரால் (மரம் குடையும் மெஷின்) பள்ளம் தோண்டி, மேலே 6 முதல் 8 மி.மீ. வரை மரத்தை விட்டுவையுங்கள். பட்டன் விஷயத்திலும் இதே சிக்கல். பக்கவாட்டில் கொக்கி வைத்து அழுத்தி மாட்டும் ரகம் மெல்லிய உலோகத் தகட்டுக்கானது. இவ்வளவு தடிமனில் அந்தக் கொக்கி பிடிக்காது. உங்களிடம் இருப்பது அதுதான் என்றால், அடியிலிருந்து நட்டுப் போட்டு இறுக்கும் ரகமாக மாற்றிக்கொள்ளுங்கள். அதிலும் மரை எவ்வளவு நீளம் என்று அளந்த பிறகே வாங்குங்கள்.

துளையின் அளவையும் ஊகிக்க வேண்டாம். ஜப்பானிய ரகப் பட்டனுக்கு 30 மி.மீ., அமெரிக்க ரகத்துக்கு 28 முதல் 29 மி.மீ. வெர்னியரால் அளந்து, ஒரு துண்டு மரத்தில் போட்டுப் பார்த்துவிட்டு நல்ல பலகையில் கை வையுங்கள். வட்டத் துளை போடும் ஹோல் சா அடிப்பக்கம் வெளியே வரும்போது பிளைவுட் பிய்ந்துபோகும். கீழே ஒரு கழிவு மரத்தை வைத்து இறுக்கிக்கொண்டால் பிய்யாது.

பட்டன் இடைவெளி: 30 மி.மீ. பட்டனுக்கு மையத்திலிருந்து மையத்துக்கு 36 மி.மீ. சரியாக வரும். மூன்று பட்டன் வரிசையை நேர்கோட்டில் போடாதீர்கள். நடுவிரல் நீளமானது என்பதால் நடுப் பட்டன் சற்று மேலே ஏற வேண்டும். இரண்டு ஜாய்ஸ்டிக்குகளுக்கும் நடுவே 60 செ.மீ. வரை இடம் இருந்தால் இரண்டு பெரியவர்கள் தோள் முட்டாமல் நிற்கலாம். இந்த எண்களை நம்பி நேராக மரத்தில் இறங்கிவிடாமல், தடித்த அட்டையில் வெட்டி, பட்டன்களைச் செருகி, அரைமணி நேரம் நின்றபடி ஆடிப் பாருங்கள். மணிக்கட்டு வலித்தால் அட்டையை மாற்றுங்கள். ஸ்டார்ட், காயின் பட்டன்களை ஆடும் கை தெரியாமல் படாத மேல் ஓரத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

இப்போது மூன்று கால் விவகாரம். அவற்றில் காம் என்பது பொதுக்கால். என்.ஓ. கால், பட்டனை அழுத்தும்போது மட்டும் பொதுக்காலோடு சேரும். என்.சி. அதற்கு நேர்மாறு, அழுத்தும்போது பிரியும். உங்களுக்கு வேண்டியவை காமும் என்.ஓ.வும் மட்டுமே. என்.ஓ.விலிருந்து என்கோடருக்குத் தனி ஒயர் போகட்டும், காம் என்கோடரின் கிரவுண்டுக்கு (எல்லா ஸ்விட்சுக்கும் பொதுவான பூஜ்ய இணைப்பு) போகட்டும். சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரைப் பீப் ஒலியில் வைத்துத் தொட்டுப் பாருங்கள். அழுத்தாதபோதே கத்தினால் நீங்கள் தொட்டிருப்பது என்.சி.

என்கோடர் ஒவ்வொரு உள்ளீட்டுக் காலையும் சிறிய மின்னழுத்தத்தில் தூக்கிப் பிடித்து வைத்திருக்கும். பட்டனை அமுக்கினால் அந்தக் கால் கிரவுண்டோடு சேர்ந்து அழுத்தம் பூஜ்யமாகிறது. 'அழுத்திவிட்டார்கள்' என்று அது புரிந்துகொள்வது இப்படித்தான். எல்லா ஸ்விட்சுக்கும் கிரவுண்ட் ஒன்றே என்பதால் பட்டனுக்கு இரண்டு ஒயர் தேவையில்லை. ஆளுக்கு நான்கு திசை, ஆறு பட்டன், ஒரு ஸ்டார்ட், ஒரு காயின் என்றால் இருவருக்கும் சேர்த்து 24 உள்ளீடு. தனித்தனியாக இழுத்தால் 48 ஒயர். கிரவுண்டை மணி கோப்பது போல ஒரு காமிலிருந்து அடுத்த காமுக்கு ஓட்டினால் 24 ஒயரும் ஒரே ஒரு சங்கிலியும்தான். ஓடும் மின்சாரம் ஒரு மில்லி ஆம்பியர்கூட வராது. 22 கேஜ் பல இழை ஒயர் தாராளம்.

சங்கிலியின் கடைசி முனையை அப்படியே விடாமல் மறுபடி என்கோடரின் கிரவுண்டுக்கே கொண்டுவந்து சேருங்கள். நடுவில் எங்காவது ஒரு லக் (ஸ்விட்ச் காலில் செருகும் ஒயர் முனை) கழன்றாலும் மறுபக்கத்திலிருந்து இணைப்பு கிடைக்கும். இதைச் செய்யாத பெட்டிகளில் திடீரென்று நான்கைந்து பட்டன் ஒன்றாக வேலை செய்யாமல் போகும். அப்படிப் போனால் அவற்றில் சங்கிலி வரிசைப்படி முதலில் வரும் பட்டனின் லக்கைத்தான் தேட வேண்டும்.

லக்கும் இரண்டு அளவில் வரும். ஜப்பானிய ரக ஸ்விட்ச் கால்கள் பெரும்பாலும் 2.8 மி.மீ., அமெரிக்க ரகம் 4.8 மி.மீ. சால்டர் வைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பேன். சூட்டில் ஸ்விட்சின் பிளாஸ்டிக் இளகும், நாளைக்கு ஸ்விட்சை மாற்றுவதும் வேலையாகிவிடும்.

ஜாய்ஸ்டிக்கில் ஒரு வேடிக்கை உண்டு. குச்சியை மேலே தள்ளினால் அதன் அடிமுனை கீழ்நோக்கிப் போகும், அதனால் அமுங்குவது கீழ்ப்பக்க ஸ்விட்ச். இடத்தைப் பார்த்து ஒயர் மாட்டினால் எல்லாமே தலைகீழாக வரும். ஒவ்வொரு திசையாகத் தள்ளி, எந்த ஸ்விட்ச் 'டிக்' என்கிறது என்று பார்த்து, ஒயரில் சீட்டு ஒட்டுங்கள்.

உங்கள் என்கோடர் கீபோர்டாகத் தெரியும் வகையா? அப்படியென்றால் மேமில் முதல் ஆட்டக்காரரின் பட்டன்கள் வழக்கமாக இடது கண்ட்ரோல், இடது ஆல்ட், ஸ்பேஸ், இடது ஷிஃப்ட் என்று போகும். விண்டோஸில் ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் பெட்டி வந்து திரையில் நிற்கும். சண்டை உச்சத்தில் இருக்கும்போது அது வந்தால் எப்படி இருக்கும்! அந்தக் குறுக்குவழியை அமைப்புகளில் அணைத்துவிடுங்கள். கேம்பேடாகத் தெரியும் வகை, அதுவும் ஒரே மாதிரி இரண்டு போர்டு என்றால் வேறு தொல்லை: கம்ப்யூட்டரை மறுபடி போடும்போது முதல் ஆளும் இரண்டாம் ஆளும் சில சமயம் இடம் மாறிவிடுவார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே போர்டு வாங்கினால் அந்தக் குழப்பம் இல்லை. பட்டனுக்குள் விளக்கு இருந்தால் அதன் மின்சாரம் முற்றிலும் தனிப் பாதை. 12 வோல்ட் ஒயர் தவறிப்போய் என்கோடர் காலில் பட்டால் போர்டே போய்விடும். விளக்குக்கு வேறு நிற ஒயர் போட்டு, பலகையின் எதிர் ஓரமாகக் கொண்டுபோங்கள்.