நீலச் சீட்டைப் பார்த்துப் பணத்தைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: அக்டோபரில் நானும் மனைவியும் பத்து நாள் ஸ்பெயின் போகிறோம். மாட்ரிட், லோக்ரோனியோ, ஹெரெஸ் ஆகிய மூன்று ஊர்கள். ஒயின் பற்றி அதிகம் தெரியாது. பாட்டிலில் கிரியான்ஸா, ரிசர்வா, கிரான் ரிசர்வா என்று போட்டிருக்கிறார்களே, அந்த வரிசையில் தரமும் ஏறிக்கொண்டே போகுமா? மாடும் பன்றியும் நாங்கள் சாப்பிடுவதில்லை. ஆடு, கோழி, மீன் சாப்பிடுவோம். எந்தச் சாப்பாட்டுக்கு எதை வாங்குவது? திரும்பி வரும்போது எத்தனை பாட்டில் கொண்டுவரலாம்?

பதில்: தரம் ஏறும் என்று நம்பித்தான் பலர் பணத்தை விடுகிறார்கள். அந்த மூன்று சொற்களும் ஒயின் எத்தனை காலம் கிடந்தது என்பதை மட்டுமே சொல்கின்றன. லோக்ரோனியோவைச் சுற்றியுள்ள ரியோஹா வட்டாரத்துச் சிவப்பு ஒயினில் கிரியான்ஸா என்றால் மொத்தம் 2 ஆண்டு. அதில் குறைந்தது 1 ஆண்டு 225 லிட்டர் ஓக் பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். ரிசர்வா 3 ஆண்டு, பீப்பாயில் இதற்கும் 1 ஆண்டு இருந்தாலே போதும். கிரான் ரிசர்வா 5 ஆண்டு, பீப்பாயில் குறைந்தது 2 ஆண்டு. பாட்டிலின் பின்பக்கம் எண்ணிட்ட சிறு சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும். சிவப்புச் சீட்டு கிரியான்ஸா, கருஞ்சிவப்பு ரிசர்வா, நீலம் கிரான் ரிசர்வா, பச்சை இளம் ஒயின். அதைக் கொடுப்பது ரியோஹாவின் கட்டுப்பாட்டுக் குழுவான கோன்செஹோ ரெகுலதோர். குறை உள்ள ஒயினைத் தள்ளும் அளவுக்குச் சுவைத்துப் பார்ப்பார்கள். அதற்கு மேல் அந்தச் சீட்டில் எதையும் தேடாதீர்கள். சுமாரான திராட்சையை 5 ஆண்டு கிடத்தினாலும் நீலச் சீட்டு கிடைத்துவிடும்.

இந்த ஏற்பாட்டின் மேல் எனக்குப் பொறுமை இல்லை. ஒரே ஊரில் மேட்டு நிலத்துத் திராட்சைக்கும் ஆற்றோரத் திராட்சைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதைச் சீட்டில் காட்ட வழி இல்லாமல், மாதக் கணக்கையே பெருமையாக எழுதிக்கொண்டிருந்தார்கள். தனித் தோட்டத்துக்கென்று ஒரு வகை வருவதற்கே 2017 ஆகிவிட்டது. அந்த வட்டாரத்து லாகுவார்தியா ஊரின் ஆர்த்தாதி என்ற ஒயின் நிறுவனம் அதற்கு முன்பே, 2015 முடிவில், ரியோஹா என்ற பெயரே வேண்டாம் என்று வெளியேறியது. வாங்க வருகிறவருக்குத் தெரிய வேண்டியது யார் செய்தார், எந்த ஊர்த் தோட்டம், எந்த ஆண்டு என்பவைதான். முன்சீட்டில் ‘வினோ தெ ஆவுதோர்’, ‘செலெக்சியோன்’ என்று தங்க எழுத்தில் இருந்தால் அதற்காக ஒரு யூரோகூடக் கூடுதலாகத் தர வேண்டாம். அந்தச் சொற்களுக்குச் சட்டத்தில் அர்த்தம் கிடையாது.

இப்போது தட்டுக்கு வருவோம். ஆடு சாப்பிடுகிறவருக்கு லோக்ரோனியோ நல்ல ஊர். ‘சுலெத்தியாஸ் அல் சர்மியென்தோ’ என்று கேளுங்கள். விரல் நீள எலும்போடு கூடிய இளம் ஆட்டின் விலாக்கறித் துண்டு அது. கவாத்து செய்த திராட்சைக் கொடிகளைக் கட்டாகக் கட்டி எரித்து, தணல் ஆனதும் கம்பி வலையில் வாட்டுவார்கள். உப்பைத் தவிர மசாலா எதுவும் கிடையாது. ஓரக் கொழுப்பு பொரிந்து மொறுமொறுப்பாகி இருக்கும்போதே கையால் எடுத்துக் கடிக்க வேண்டும். இதற்கு கிரியான்ஸா போதும், மிஞ்சினால் ரிசர்வா. ரியோஹாவின் டெம்ப்ரனில்லோ திராட்சையின் துவர்ப்பு வாயில் படிந்த கொழுப்பை வழித்துவிடும். அடுத்த துண்டு மறுபடி முதல் துண்டுபோல இருக்கும். இதே இடத்தில் கிரான் ரிசர்வாவைத் திறந்தால் காசு வீண். நெடுங்காலம் கிடந்ததில் அதன் துவர்ப்பு அடங்கி, சருகு, தோல், காய்ந்த பழம் என்று மெல்லிய வாசனைகள்தான் மிஞ்சியிருக்கும். தணல் புகை அத்தனையையும் மூடிவிடும். கிரான் ரிசர்வா குடிக்க ஆசை என்றால் காளான் வதக்கலோடும், முற்றிய செம்மறிப்பால் பாலாடைக்கட்டியோடும் ஒரு மாலை உட்காருங்கள்.

மாட்ரிட்டிலிருந்து காரில் வடக்கே போவதானால் வழியில் அரான்டா தெ துவேரோவில் மதியச் சாப்பாட்டுக்கு நிற்கலாம். பால்குடி மறவாத ஆட்டுக்குட்டியை மண் தட்டில் வைத்து, தண்ணீரும் உப்பும் மட்டும் சேர்த்து, விறகு அடுப்பில் வாட்டித் தருவார்கள், பெயர் லெச்சாசோ. கால் பங்கு இருவருக்குத் தாராளம். கூடவே அந்த ஊர் ரிபேரா தெல் துவேரோ கிரியான்ஸா.

பன்றி விஷயத்தில் கவனம் தேவை. மெனுவில் காய்கறி என்று இருந்தாலும் உள்ளே ஹமோன், அதாவது உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடைத் துண்டு கிடக்கும். பதாத்தாஸ் அ லா ரியோஹானா உருளைக்கிழங்குக் குழம்பு என்று நினைப்பீர்கள். அதன் சிவப்பும் ருசியும் சொரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சியிலிருந்து வருபவை. பயறு, அவரை, பல காய் சேர்ந்த மெனெஸ்த்ரா, குரோக்கெத்தா என்ற பொரித்த உருண்டை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ‘சின் கார்னே’, அதாவது இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் போதாது. பலர் ஹமோனை இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. ‘சின் ஹமோன், சின் சொரிசோ’ என்று இரண்டையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். கொர்தேரோ என்றால் செம்மறிக்குட்டி, கப்ரித்தோ வெள்ளாட்டுக்குட்டி, தெர்னேரா மாடு. சொலோமியோ என்று மட்டும் எழுதியிருந்தால் மாடாகவும் இருக்கலாம், பன்றியாகவும் இருக்கலாம், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

லோக்ரோனியோவில் கலியே தெல் லவ்ரெல் தெரு முழுக்கக் கடைகள். பூண்டு எண்ணெயில் வாட்டிய காளான்களை அடுக்கி, உச்சியில் ஒரு இறாலைக் குத்தித் தருகிற கடை உண்டு. ஒரு கடையில் ஒரு தீனி, ஒரு கோப்பை, பிறகு அடுத்த கடை என்று நகருங்கள். பொதுவாக ‘ஒரு ரியோஹா’ என்று கேட்காதீர்கள். எது திறந்திருக்கிறதோ அதை ஊற்றிவிடுவார்கள். ‘உன் கிரியான்ஸா’ என்று சொல்லி, பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். நேற்றுத் திறந்து காற்றுப்பட்ட ஒயினில் பழ வாசம் போய் வினிகர் நெடி எட்டிப்பார்க்கும். கோப்பையை மாற்றக் கேட்பதில் தவறில்லை. சிவப்பு ஒயின் வெதுவெதுப்பாக வந்தால் ‘குபித்தேரா’ என்று ஐஸ் வாளி கேட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். கிரியான்ஸாவுக்கு 14 முதல் 16 டிகிரி சரி. அதற்கு மேல் போனால் சாராய நெடிதான் முன்னால் நிற்கும்.

இதுவரை சொன்னதில் வயது கூடுவதால் மட்டும் தரம் கூடிவிடாது என்பதே செய்தி. ஹெரெஸ் போனதும் இது இன்னும் ஒரு படி திரும்பும். அங்கே ஃபினோ, மான்சனில்லா என்ற வெள்ளை ஒயின்களுக்குப் பாட்டிலில் வயது ஏறினால் கேடு. காரணம் எளிது. பலோமினோ திராட்சை ஒயினில் சாராயம் சேர்த்து 15 சதவீதத்துக்கு உயர்த்தி, 600 லிட்டர் பீப்பாயில் 500 லிட்டர் மட்டும் ஊற்றுவார்கள். மேலே விட்ட இடத்தில் ஃப்ளோர் என்ற ஈஸ்ட் ஏடு படரும், காய்ச்சிய பாலில் ஆடை கட்டுவதுபோல. அந்த ஏடு காற்றை அண்டவிடாது. பீப்பாயில் குறைந்தது 2 ஆண்டு அப்படிக் காக்கப்பட்ட ஒயினைப் பாட்டிலில் அடைத்தவுடன் காவல் போய்விடுகிறது. அன்றிலிருந்து தேய்மானம்தான். ஆகவே கடையில் தூசி படிந்த ஃபினோ பாட்டிலை ‘பழசு, விசேஷம்’ என்று நீட்டினால் வாங்காதீர்கள். நிறம் வைக்கோல் வெளுப்பாக இருக்க வேண்டும். பொன்னிறம் ஏறியிருந்தால் காலம் கடந்தது. ‘என் ராமா’, அதாவது அதிகம் வடிகட்டாதது என்று போட்ட பாட்டில்களில், பீப்பாயிலிருந்து எடுத்த மாதமோ பருவமோ ‘சாக்கா’ என்ற சொல்லோடு அச்சிட்டிருப்பார்கள். ஓராண்டுக்குள் இருப்பதை எடுங்கள். இருவருக்கு 375 மில்லி அரை பாட்டில் சரியான அளவு. 7 முதல் 9 டிகிரி குளிர்ச்சியில் குடித்து, மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்து மூன்று நான்கு நாளில் முடித்துவிடுங்கள். இந்தப் பேச்சு ஒலோரோசோவுக்குப் பொருந்தாது. அது ஏடு இல்லாமல் காற்றோடு பழகியே முதிர்ந்தது. திறந்த பிறகும் வாரக்கணக்கில் தாங்கும்.

ஹெரெஸ் ஒயினுக்கு ஆங்கிலப் பெயர் ஷெரி. ஷெரி என்றாலே இனிப்பு என்று ஒரு எண்ணம் நம்மிடம் இருக்கிறது. ‘கிரீம்’, ‘மீடியம்’ என்று எழுதியவை இனிப்புச் சேர்த்தவை. ஃபினோவில் இனிப்பு துளியும் இல்லை. உப்புக் காற்றும் பாதாமும் கலந்த வறட்சி. அதனால்தான் பொரித்ததற்கு அதைப்போல வேறு துணை இல்லை. தொர்தியீத்தாஸ் தெ கமரோனெஸ் என்பது கோதுமை மாவோடு கடலைமாவு கரைத்து, பொடி இறாலை ஓடோடு போட்டு, மெல்லிய வலைபோல எண்ணெயில் பொரிப்பது. கடலைமாவு வாசனையை உங்கள் மூக்கு உடனே கண்டுகொள்ளும். பக்கத்தில் சான்லூகார் போய் ஆற்று முகத்துவாரத்துக் கடைகளில் வேகவைத்த இறாலும் மான்சனில்லாவும் சாப்பிடுங்கள். கூனைப்பூ, தண்ணீர்விட்டான் தண்டு இரண்டும் சிவப்பு ஒயினின் ருசியைக் கெடுப்பவை. அவற்றுக்கும் ஃபினோவே கைகொடுக்கும்.

அடுத்து தரகர்கள். மாட்ரிட் விடுதி வரவேற்பறையில் ‘ஒரு நாள் ரியோஹா, பிரீமியம் டேஸ்டிங்’ என்று அட்டை வைத்திருப்பார்கள். காலையிலிருந்து இரவு வரை பேருந்திலேயே பொழுது போகும். நடுவில் ஒரே ஒரு போதேகா, அதாவது ஒயின் தயாரிக்கும் கூடம், முடிவில் அதன் கடை. நீங்கள் வாங்கும் பாட்டிலில் அழைத்துப் போனவருக்குக் கமிஷன் இருக்கக்கூடும். தேவையே இல்லை. லோக்ரோனியோவில் தங்குகிற நீங்கள் ஆரோ ஊருக்குப் போங்கள். அங்கே ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதியில் 1877-இல் தொடங்கிய லோப்பெஸ் தெ எரேதியா, 1879-இன் கூனே (CVNE), 1890-இன் லா ரியோஹா அல்தா, மூகா எல்லாம் நடக்கும் தூரம்தான். அவரவர் இணையதளத்தில் நேரடியாகப் பதிவு செய்யுங்கள். ஆங்கில விளக்கத்துக்கு எந்த நேரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு போதேகாவுக்கு மேல் வேண்டாம். மூன்றாவதில் நாக்கு வேலை செய்யாது. அக்டோபர் அறுவடைக் காலம் என்பதால் சில இடங்களில் வருகை குறைத்திருப்பார்கள், முன்கூட்டியே எழுதுங்கள். பாட்டிலை அங்கேயே வாங்க அவசரப்பட வேண்டாம். அதே பாட்டில் லோக்ரோனியோ ஒயின் கடையில் பல நேரம் மலிவாகவே இருக்கும்.

இந்தியாவுக்குள் ஆளுக்கு 2 லிட்டர் மதுவுக்குத்தான் சுங்க விலக்கு. 750 மில்லி பாட்டில் இரண்டும் 375 மில்லி ஒன்றும் சேர்ந்தால் 1.875 லிட்டர். மூன்றாவது முழு பாட்டிலை வைத்தால் 2.25 லிட்டராகி வரி கட்ட நேரும். ஆகவே ஆளுக்கு இரண்டு ரிசர்வா, ஒரு அரை பாட்டில். அந்த அரை பாட்டிலுக்கு ஃபினோ வேண்டாம், பெத்ரோ ஹிமேனெஸ் எடுங்கள். வெயிலில் உலர்த்திய திராட்சையிலிருந்து வரும், பாகுபோலக் கறுத்த இனிப்பு ஒயின் அது. வெனிலா ஐஸ்கிரீம் மேல் ஒரு கரண்டி ஊற்றினால் போதும். வீட்டில் ரிசர்வாவைத் திறக்கும் நாளில் மட்டன் சுக்காவில் மிளகாயைக் குறைத்துவிடுங்கள். காரம் ஏறினால் துவர்ப்பும் சாராயமும் சேர்ந்து நாக்கை எரிக்கும். பாட்டில்கள் கைப்பையில் போகாது. பெட்டியின் நடுவில், நான்கு பக்கமும் துணி வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் பையில் கட்டி அடுக்குங்கள்.